ஓரியூர் அருளானந்தர் கோயில்: பணம் முடங்கிய ஒரு கருவாட்டு வியாபாரி எழுதுவது

ஓரியூரைப் பற்றி எழுதுகிறவர்கள் அந்தச் செம்மண்ணைப் பற்றி எழுதுவார்கள், பிப்ரவரித் திருவிழாக் கூட்டத்தைப் பற்றி எழுதுவார்கள். நான் கருவாடு போட்டு விற்கிறவள். அனுப்பிய சரக்குக்குப் பணம் வராமல், வீட்டில் யார் பேசினாலும் எரிந்து விழுகிற நிலையில் ஒருவர் அங்கே போனால் என்ன கிடைக்கும் என்பதைத்தான் எழுதப் போகிறேன். கட்டாயம் போங்கள் என்றுதான் சொல்வேன். போய் வந்த மறுநாளே பணம் வந்து விழும் என்று மட்டும் நினைத்துப் போகாதீர்கள்.

முதலில் என் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். அது தெரியாமல் மற்றது புரியாது. தொண்டிக்குத் தெற்கே கடலோரத்தில் எங்கள் ஊர். கரையில் ஏலம் எடுத்து, பெண்களை வைத்துக் கீறிக் குடல் எடுத்து, தொட்டியில் உப்புப் போட்டு வைத்து, மறுநாள் காயவைப்போம். காரல், சூடை, நெத்திலி, கிடைத்தால் சீலா. உப்பு வாலிநோக்கத்திலிருந்து வரும். பாக் நீரிணைப் பக்கம் விசைப்படகு வாரத்தில் மூன்று நாள்தான் போகும், மற்ற நாட்கள் நாட்டுப்படகுக்கு. ஏப்ரல் 15 தொடங்கி ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுக்குத் தடைக்காலம். ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டால் தளத்தில் விரித்ததெல்லாம் புழுத்துப் போகும். மிச்சம் இருக்கிற வெயில் நாளில்தான் வருஷத்துக்கான காசைப் பார்க்க வேண்டும். அந்த நாட்களில் போட்ட முதல் திரும்பி வராவிட்டால் அடுத்த ஏலத்தில் கை நீட்ட முடியாது.

அப்படித்தான் ஆனது. வெளி மாவட்டத்து மொத்த வியாபாரி ஒருவர், ஆரம்பத்தில் லாரி போய்ச் சேர்ந்த அன்றே பணம் அனுப்பியவர், பிறகு பாதி பாதியாக அனுப்பினார். அப்புறம் "நாளைக்குப் போட்டுர்றேன்க்கா." அதற்கும் அப்புறம் போனையே எடுப்பதில்லை. கடைசியில் ஒருநாள் எடுத்து, சரக்கில் ஈரம் இருந்தது, எடையில் கழித்துக்கொண்டேன் என்றார். என் சரக்கு எப்படிக் காய்ந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். வாளைக் கருவாட்டை மடக்கினால் படக்கென்று ஒடியும். பத்து நாள் கழித்து ஈரம் என்று சொன்னால் வயிறு எரியாதா?

இந்தக் கரையில் கோபம் தண்ணீர் மாதிரி, பள்ளத்தைப் பார்த்துத்தான் ஓடும். மேலே இருக்கிற மொத்த வியாபாரி இழுத்தடித்தால், இங்கே வாங்குகிறவர் ஏலத்தில் விலையை அடிப்பார். படகுக்காரர் ஆட்களின் பங்கில் கை வைப்பார். மீன் வெட்டுகிற பெண்களிடம் "சனிக்கிழமை வாங்கிக்க" என்பார்கள். யாரும் கெட்டவர் இல்லை. ஆனால் அடி போய் விழுவது திருப்பிக் கேட்க முடியாதவர் மேல். நான் என் வளையலை அடகு வைத்துக் கூலியைக் கொடுத்து வந்தேன். ஆனாலும் மனசுக்குள் ஒரு கொதிப்பு. பூசைக்குப் போனால் பூசை முடியும்வரை அந்த ஆளின் முகம்தான் கண்ணில் நிற்கும்.

இதற்கு மருந்து தேடி முதலில் நான் போனது ஓரியூருக்கு இல்லை. பக்கத்து ஊரில் நடந்த ஒரு எழுப்புதல் கூட்டத்துக்கு ஆட்கள் கூப்பிட்டார்கள். மேடையில் பேசியவர், காணிக்கை போடு, தொழில் நூறு மடங்கு பெருகும், பெருகவில்லை என்றால் உன் விசுவாசத்தில் குறை என்றார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா, நண்டு வலை வாங்க வைத்திருந்த பணத்தை உறையில் போட்டதைப் பார்த்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வருத்தம். கடன்பட்டவரிடம் நம்பிக்கையின் பெயரில் இன்னொரு கடனை ஏற்றுவது ஆண்டவருடைய வேலை கிடையாது.

இனி ஓரியூர். கிழக்குக் கடற்கரைச் சாலையில் எஸ்.பி.பட்டினம் வந்து உள்ளே திரும்ப வேண்டும். பாம்பாற்றங்கரை ஊர். வழியெல்லாம் சீமைக்கருவேலமும் பனையும். திருவாடானைப் பக்கம் என்றாலும் கடல் காற்று வந்து சேரும். திருவிழா இல்லாத ஒரு வார நாளில் போனேன், அதுதான் சரி. தியானத்துக்கு வருகிறவர் பிப்ரவரி முதல் வாரத்தைத் தவிர்த்துவிடுங்கள். இந்தக் கோயிலின் புனிதர் அருளானந்தர் உயிர்விட்ட நாள் பிப்ரவரி 4 என்பதால் அப்போது ஊரே நிறைந்துவிடும். அந்தக் கூட்டத்துக்கென்று ஓர் அழகு உண்டு, ஆனால் உட்கார்ந்து அழ இடம் கிடைக்காது.

அங்கே எல்லாரும் ஒரு சிட்டிகை செம்மண் எடுத்துக்கொள்கிறார்கள். அவருடைய இரத்தம் விழுந்து சிவந்த மண் என்பது நம்பிக்கை. கிறிஸ்தவர் மட்டுமில்லை, சுற்றுவட்டாரத்து இந்துக்களும் வந்து எடுத்து நெற்றியில் பூசிக்கொள்கிறார்கள். நானும் எடுத்தேன். ஆனால் என்னைப் பிடித்து நிறுத்தியது அவருடைய கதை. சின்ன வயதிலிருந்து கேட்ட கதைதான், பணம் முடங்கிய பிறகு கேட்கும்போது வேறு மாதிரி காதில் விழுந்தது.

அருளானந்தர் என்று நாம் சொல்கிற ஜான் டி பிரிட்டோ, போர்த்துகல் நாட்டு லிஸ்பன் நகரத்தில் பெரிய இடத்துப் பிள்ளை. அரண்மனையில் வளர்ந்தவர். யேசு சபையில் சேர்ந்து மதுரை மிஷனுக்கு வந்து, காவி கட்டி, மரக்கறி மட்டும் சாப்பிட்டு, பண்டாரசாமியாக நடந்தே திரிந்தார். 1686-ல் மறவர் சீமையில் பிடித்து வதைத்தார்கள். இந்தப் பக்கம் இனித் தலைகாட்டக் கூடாது என்று விரட்டினார்கள். ஐரோப்பா போனார். அரசர் அங்கேயே இருந்துவிடச் சொன்னார். கேட்காமல் 1690-ல் திரும்பி வந்துவிட்டார். மறவர் சீமைத் தலைவர்களில் ஒருவரான தடியத்தேவர் ஞானஸ்நானம் பெற்று ஒரே மனைவியோடு வாழ முடிவெடுக்க, விலக்கப்பட்ட மனைவியரில் ஒருவர் அந்தச் சீமையை ஆண்ட சேதுபதி மன்னர் குடும்பத்தைச் சேர்ந்தவராக இருக்க, அதில் மூண்ட பகையில் 1693-ல் ஓரியூரில் தலையை வெட்டினார்கள். சாவதற்கு முந்தைய நாளும் சிறையிலிருந்து கடிதம் எழுதியிருக்கிறார். 1947-ல்தான் புனிதர் பட்டம்.

பொறுமையாக இரு, ஆண்டவர் பார்த்துக்கொள்வார் என்று எங்கள் ஊரில் யாருக்குக் கஷ்டம் வந்தாலும் சொல்வார்கள். நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் இந்த மனுஷன் சும்மா இருந்தவர் இல்லையே. விரட்டினால் திரும்பி வந்தார், வாயைக் கட்டினால் எழுதினார். அதே நேரம் தன்னை வதைத்தவர்களைச் சபிக்கவும் இல்லை. வேலையையும் விடாமல், வெறுப்பையும் வளர்க்காமல் இருக்க முடியும் என்பதற்கு நம் மண்ணிலேயே ஓர் ஆள் இருந்திருக்கிறார் என்பது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

கோயிலுக்குள் ஒரு ஓரமாக உட்கார்ந்து திருப்பாடல் 13-ஐ வாசித்தேன். ஆறே வசனம். முதல் இரண்டு வசனமும் எத்தனை காலம், எத்தனை காலம் என்று ஆண்டவரைப் பிடித்துக் கேட்பதுதான். மரியாதையாகச் சுற்றி வளைத்துப் பேசுவதெல்லாம் இல்லை. நானும் அப்படியே கேட்டேன். ஆளின் பெயர், தொகை, தேதி, ஈரம் என்று சொன்ன பொய் எல்லாவற்றையும் சொன்னேன். வீட்டில் சொன்னால் சண்டையாகும், கடைத்தெருவில் சொன்னால் நம் பேர் கெடும். இதை முழுசாகச் சொல்ல ஓர் இடம் வேண்டும். ஓரியூரில் அந்த இடம் கிடைக்கிறது. யாரும் வந்து என்ன ஏது என்று கேட்பதில்லை. வெளியூர்க்காரர் கண்கலங்கி உட்கார்ந்திருப்பது அங்கே வழக்கமான காட்சி.

அன்றைக்கு வந்திருந்த வயதான சாமியார் ஒருவரிடம் பேச வாய்த்தது. பாதிரியாரை நாங்கள் சாமியார் என்போம். இது எல்லாருக்கும் கிடைக்கும் என்று சொல்ல மாட்டேன். அவரவர் போகிற நேரம். நான் அழுதுகொண்டே சொல்ல, அவர் ஜெபம் சொல்லி அனுப்புவார் என்று நினைத்தேன்.

"கணக்கு நோட்டு இருக்காம்மா?" என்றார்.

பையில்தான் இருந்தது. எடுத்துக் கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு வரியாக விரலை வைத்துப் பார்த்தார். லாரி ஆபீஸ் ரசீது ஒட்டியிருந்த பக்கத்தில் விரல் நின்றது.

"பில்லு போட்டுத்தானே அனுப்புனீங்க?"

"பாதிக்கு பில்லு இருக்கு சாமி. மீதி வாய்ப்பேச்சு."

"இருக்குறதை வச்சுக் கேளுங்க. லூக்காவுல ஒரு கைம்பெண் வர்றாள்ல, நியாயம் கேட்டு நடுவர் கதவைத் தட்டிக்கிட்டே இருக்குறவ? அவளை ஆண்டவர் திட்டலம்மா. மெச்சித்தான் பேசுறாரு." பிறகு நோட்டை மூடிவிட்டுக் கேட்டார்: "உங்ககிட்ட வேலை பார்க்குற பொம்பளைகளுக்குக் கூலி பாக்கி இருக்கா?"

இல்லை, வளையலை வைத்துக் கொடுத்துவிட்டேன் என்றேன்.

"அப்ப உங்க கோபம் இன்னும் வாசலைத் தாண்டி வெளியே போகல. அதைக் காப்பாத்திக்கங்க. மத்தேயு பதினெட்டை இன்னைக்கு ராத்திரி வீட்ல வாசிங்க."

வாசித்தேன். பத்தாயிரம் தாலந்து, அதாவது மலையளவு கடன் மன்னிக்கப்பட்டவன், வெளியே வந்ததும் தனக்கு நூறு தெனாரியம் தர வேண்டியவன் கழுத்தைப் பிடிக்கிற கதை. அதைக் கேட்டால் மன்னிக்காதவன் கதை என்றுதான் நினைப்போம். இந்தக் கரையில் வியாபாரம் பார்க்கிறவள் வாசித்தால், தன் நெருக்கடியைத் தனக்குக் கீழே இருப்பவன் கழுத்தில் இறக்குகிறவன் கதையாகத் தெரிகிறது. கூலிக்காரனின் கூலியை விடியும்வரை உன்னிடம் வைத்திருக்காதே என்று லேவியர் புத்தகம் 19-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. எனக்கு இது இரண்டும் சேர்ந்து ஒரே கட்டளை. மேலே இருந்து வருகிற தாமதம் என் தளத்தோடு நிற்க வேண்டும். பொழுது சாய்வதற்குள் கூலி, ஏலத்தில் நியாய விலை. இதைப் பிடித்துக்கொண்ட பிறகுதான் எனக்குத் தூக்கம் வந்தது, அந்த ஆளின் பணம் வந்த பிறகு இல்லை.

சாமியார் சொன்ன கைம்பெண்ணை வைத்து நான் செய்தது இன்னொன்று. சிறு, குறு தொழில் செய்கிறவர்களிடம் சரக்கு வாங்கினால் 45 நாளுக்குள் பணம் தந்துவிட வேண்டும் என்று 2006-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. தாமதித்தால் கூட்டு வட்டியும் உண்டு. அதன்படி கேட்கப் போவதற்கு உதயம் என்கிற அரசின் சிறுதொழில் பதிவு வேண்டும், அது ஆன்லைனில் இலவசம். வாங்கி அப்படியே விற்கிற வியாபாரத்துக்கு இந்த வழி உதவாது. உப்புப் போட்டுக் காயவைப்பது பதப்படுத்துகிற தொழில், அதனால் அந்த வகையில் பதிந்தேன். கருவாடு போடுகிற அக்காமார் யாராவது இதை வாசித்தால், சிக்கல் வருவதற்கு முன்பே பதிந்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை அந்த மொத்த வியாபாரியிடம் பேசும்போது அந்த 45 நாள் கணக்கைச் சொன்னேன். குரலை உயர்த்தாமல் சொன்னேன், அது ஓரியூர் போகாமல் என்னால் முடிந்திருக்காது. பாக்கியில் கொஞ்சம் வந்தது.

யாருக்குப் பொருந்தும் என்றால், தொழிலில் ஏமாந்து அந்தக் கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் திரிகிறவர்களுக்குப் பொருந்தும். கூட்டுத் தொழிலில் அண்ணன் தம்பி முறைத்துக்கொண்டிருந்தால் இரண்டு பேருமாகப் போங்கள். நாளைக்கே வட்டி கட்டியாக வேண்டும், கையில் ஒன்றும் இல்லை என்கிற அவசரத்தில் இருந்தால் முதலில் வங்கிக்கோ சொந்தக்காரரிடமோ போய் அதைப் பாருங்கள், பிறகு வாருங்கள். அதில் விசுவாசக் குறைவு ஒன்றும் இல்லை.

போகிறவர்கள் காலையிலேயே போய்விடுங்கள், மதியம் மண் சுடும். தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே போகிற பஸ்ஸை நம்பிக் கிளம்பாமல் நேரம் விசாரித்துக்கொள்ளுங்கள், நாலு பேராகச் சேர்ந்தால் வேன் பிடிப்பது லேசு. எங்கள் அன்பியத்து, அதாவது பங்கில் சேர்ந்து ஜெபிக்கிற அக்கம்பக்கத்துக் குழுவின், பெண்கள் இப்போது அப்படித்தான் போகிறோம். பைபிளோடு கணக்கு நோட்டையும் கொண்டு போங்கள். சாமியார் யாரும் கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை, நோட்டை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாக ஆண்டவரிடம் வாசித்துச் சொல்லுங்கள். எந்த வரியில் குரல் உடைகிறதோ அந்த வரியில் நில்லுங்கள்.

அந்த மொத்த வியாபாரிக்காக ஜெபமாலையில் ஒரு மணி சொல்கிறேன். திங்கட்கிழமைதோறும் போனும் போடுகிறேன். முன்பணம் வராமல் சரக்கு மட்டும் அனுப்புவதில்லை.