பொர்ரா குகைக்கு "சாகசப் பேக்கேஜ்" வாங்காதீர்கள், 6,400 ரூபாய் போச்சு

ஆந்திராவின் அரக்குப் பள்ளத்தாக்குக்குப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள். சனிக்கிழமை பொர்ரா குகை வாசலில் 6,400 ரூபாய் போனது. தலைக்கு 1,600, நாலு பேர்.

விற்றது ஒரு சுற்றுலா ஆப். நுழைவுச்சீட்டு, ஹெல்மெட், தலைவிளக்கு, கைடு, தடுப்புக் கம்பிக்கு அப்பால் கோஸ்தனி ஆறு ஓடும் பகுதி வரை நடை என்று போட்டிருந்தது. பணம் கட்டிய ஐந்தாவது நிமிடம் அவர்களின் ஏஜென்ட்டிடமிருந்து போன். "கால் சைஸ் சொல்லுங்க சார், கம்பூட்ஸ் எடுத்து வைக்கணும்." ஏழு, எட்டு, எட்டு, ஐந்து என்று திருப்பிச் சொல்லிச் சரிபார்த்தார். குகைக்குள் சேறும் வழுக்கலும் இருக்கும், ரப்பர் பூட்ஸான கம்பூட்ஸ்தான் சரி. விஷயம் தெரிந்த ஆள் என்று நம்பியது அந்த இடத்தில்தான்.

வாசலில் ஆளும் இல்லை, பூட்ஸும் இல்லை. கவுண்டரில் க்யூஆர் கோடை நீட்டினால் ஸ்கேன்கூடப் பண்ணவில்லை. "இது எங்க டிக்கெட் இல்ல. கம்பியைத் தாண்ட யாரையும் விடமாட்டோம்."

விடவும் கூடாது. மழைநீர் மண்ணிலுள்ள கரியமில வாயுவைச் சேர்த்துக்கொண்டு சுண்ணாம்புக்கல்லைக் கரைத்தபடி இறங்குகிறது. குகைக்குள் சொட்டும்போது அந்த வாயு வெளியேற, கரைந்த சுண்ணாம்பு படிந்து படிந்துதான் குகைக் கூரையில் தொங்கும் சுண்ணாம்பு விழுதுகள் வளர்கின்றன. விரல் பிசுக்கு ஒட்டினால் அந்த இடத்தில் படிவது கெட்டுக் கறுத்துப்போகும். போதாததற்கு மலையில் மழை பெய்தால் உள்ளே ஆறு மளமளவென்று ஏறும். பணம் போனதைவிட, இப்படி ஒரு இடத்துக்குக் குழந்தைகளையும் கூட்டிப்போகலாம் என்று எழுதி விற்கிறார்களே, அதுதான் கொதிக்கிறது.

ஆப்பில் 6,400 ரூபாயைத் திருப்பிக் கேட்டால் முதலில் "24 மணி நேரம் பொறுங்க". அப்புறம் "ஏஜென்ட்டிடம் பேசுங்க". அந்த நம்பர் ஸ்விட்ச் ஆஃப். கடைசியில் "சேவை வழங்கப்பட்டது" என்று புகாரையே மூடிவிட்டார்கள்.

சீட்டைக் குகைக் கவுண்டரில் மட்டும் வாங்குங்கள். வேனும் தேவையில்லை, விசாகப்பட்டினத்தில் காலையில் கிரண்டுல் போகும் ரயிலைப் பிடித்தால் பொர்ரா குஹலு ஸ்டேஷனிலேயே இறங்கலாம். படிகளில் நீர் சொட்டி வழுக்கும், பிடிமானமுள்ள ஷூ போடுங்கள். ஏற்கெனவே கட்டிவிட்டவர்கள் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டு உடனே இணைய மோசடிப் புகாருக்கு 1930, நுகர்வோர் புகாருக்கு 1915 எண்களில் கூப்பிடுங்கள். வங்கியிலும் எழுதிக் கொடுங்கள்.

இன்று காலை பார்த்தேன், அதே பேக்கேஜ் அதே 1,600 ரூபாய்க்கு ஆப்பில் இன்னும் இருக்கிறது.