திருகோணமலையின் கப்பல் எஞ்சின் வகுப்பு: வேர்க்ஷொப்புக்காகச் சேரலாம், சான்றிதழுக்காக வேண்டாம்

சீனக்குடாவில் பிரிமா ஆலைக்குக் கோதுமை இறக்க வரும் கப்பல்களைப் பார்த்து வளரும் பிள்ளைகளுக்கு எஞ்சின் அறை வேலையில் ஆசை வருவது இயல்பு. உயர்தரம் முடித்தவர்களும், கிண்ணியா, மூதூர்ப் பக்கம் படகு எஞ்சின் கழற்றிப் பூட்டிப் பழகிய பெடியன்களும் அந்த ஆசையோடு வந்து சேரும் வார இறுதி வகுப்பு ஒன்று நகரில் நடக்கிறது. காலையில் பாடம், மத்தியானத்துக்குப் பிறகு வேர்க்ஷொப். ஆறு மாதம், கட்டணம் மூன்று தவணை. விளக்கம் தமிழில், உதிரிப்பாகங்களின் பெயரும் கட்டளைகளும் ஆங்கிலத்தில். கப்பலில் கூப்பிடப்போவது அந்தப் பெயர்களால்தான் என்பதால் இந்த ஏற்பாடு நல்லது.

வேர்க்ஷொப்பின் நடுவில் பழைய கப்பலொன்றிலிருந்து கழற்றி வந்த பியூரிபயர், அதாவது எண்ணெயைச் சுழற்றித் தண்ணீரையும் அழுக்கையும் பிரிக்கும் இயந்திரம், நிற்கிறது. கொடுக்கும் காசில் பாதிக்கான பெறுமதி அதில் இருக்கிறது. கப்பலில் ஏற்றும் கெட்டியான எரிபொருளான கன எண்ணெயோடு தண்ணீரும் மண்ணும், சுத்திகரிப்பு ஆலையின் அலுமினியம், சிலிக்கன் துகள்களும் வருகின்றன. கப்பல் எரிபொருளுக்கான ஐஎஸ்ஓ 8217 தரப்படி வழக்கமான 380 ரக எண்ணெயில் இந்தத் துகள் கிலோவுக்கு 60 மில்லிகிராம் வரை இருக்கலாம். எஞ்சினுக்குள் போகும்போது அது 15க்குக் கீழே இறங்கியிருக்க வேண்டும். இறங்காவிட்டால் லைனர், பிஸ்டன் ரிங், எரிபொருள் பம்ப்பின் பிளஞ்சர் எல்லாம் அரைபடும். இதைத் தடுக்கும் இயந்திரம் பெரும்பாலும் நான்காம் எஞ்சினியரின் பொறுப்பில் இருக்கும். பயிற்சிக்கு ஏறும் புதிய கடெட்டின் கை முதலில் கறுப்பாவதும் அங்கேதான்.

கழற்றும் ஒழுங்கைப் பயிற்றுநர் விட்டுக்கொடுப்பதில்லை. எண்ணெய் வரத்தை நிறுத்த வேண்டும், பிறகு மோட்டரை. மின் பிரேக்கரை இறக்கி எச்சரிக்கை அட்டை மாட்டி, வால்வுகளைப் பூட்டி, உள்ளே சுழலும் கிண்ணமான பௌல் முழுதாக நிற்கும்வரை ஒரு போல்ட்டைக்கூடத் தொடக்கூடாது. நிமிடத்துக்குப் பல ஆயிரம் சுற்றுச் சுழலும் பாரம் அது; சத்தம் அடங்கிய பிறகும் சுழன்றுகொண்டிருக்கும். பௌலின் மூடியை இறுக்கும் லொக் ரிங் இடப்புரி, வலப்பக்கம் சுற்றினால்தான் கழரும். தெரியாதவர்கள் ஸ்பானர் சாவிக்கு நீளக் குழாய் மாட்டி மற்றப் பக்கம் இழுத்துப் புரியையே தின்றுவிடுவார்கள். பௌலுக்குள் அடுக்கியுள்ள தட்டுகளை இரும்பால் சுரண்டவும் கூடாது, ஊறவைத்துத் தூரிகையால்தான் தேய்க்க வேண்டும். பௌலின் பாகங்கள் ஒன்றாகவே சமநிலை பார்க்கப்பட்டவை. பக்கத்து இயந்திரத்தின் பாகத்தை மாற்றிப் போட்டால் அதிர்வில் பெயரிங் போய்விடும்.

திரும்பப் பூட்டும்போது லொக் ரிங்கின் குறியும் பௌலின் குறியும் நேருக்கு நேர் வர வேண்டும். இந்த இடத்தில் ஒவ்வொரு மாணவரின் கையையும் பயிற்றுநர் பிடித்துக் காட்டுகிறார். குறிவரை வெறுங்கையாலேயே லேசாகச் சுற்றி வந்துவிட்டால் தட்டு அடுக்கின் இறுக்கம் போய்விட்டது, தட்டு ஒன்று கூட்ட வேண்டும். கடைசிக் கொஞ்சத்துக்குச் சாவியும் சுத்தியலும் கேட்டால் சரி. எந்தப் புத்தகத்தைப் படித்தும் இந்த இறுக்கம் கைக்குப் பிடிபடாது.

தண்ணீர் போகும் வழியால் எண்ணெய் வழிந்தால் எங்கே பார்ப்பது என்பதையும் முறையாகச் சொல்லிக்கொடுக்கிறார்கள். எண்ணெய் அந்த வழியால் போகாமல் பௌலுக்குள் தடுத்து நிற்கும் தண்ணீர்த் திரை உடைந்திருக்கும்; ஏன் உடைந்தது என்று தேட வேண்டும். எண்ணெயின் சூடு குறைந்திருக்கலாம். வரத்து அளவுக்கு மிஞ்சியிருக்கலாம். எண்ணெயும் தண்ணீரும் பிரியும் எல்லையை வைக்கும் கிராவிட்டி டிஸ்க்கை எண்ணெயின் அடர்த்திக்குப் பொருந்தாததாகப் போட்டிருக்கலாம். அந்தத் திரைக்கு விடும் அடைப்புத் தண்ணீர் போதாமல் இருக்கலாம். பௌலின் பெரிய சீல் வெட்டுப்பட்டிருக்கலாம். முதலில் வெப்பமானியைப் பார், கடைசியில் பௌலைத் திற என்ற வரிசை அருமையானது. அவசரக்காரர்கள் இதைத் தலைகீழாகச் செய்து அரை நாளை வீணாக்குவார்கள்.

குறை ஒன்றுண்டு. வகுப்பில் இந்த இயந்திரம் ஓடுவது டீசலில். கப்பலில் கன எண்ணெய் 98 பாகை செல்சியசுக்குச் சூடாக்கப்பட்டே உள்ளே போகும். கையுறை, முகமூடி, நீளக் கை உடுப்பு ஏன் என்பது டீசலில் விளங்காது. மாணவர்கள் அரைக் கை ரீசேட்டோடு நிற்பதை வகுப்பு அனுமதிப்பது பிழை.

பம்ப் பாடமும் நன்று. மெக்கானிக்கல் சீலின் முகத்தை விரலால் தொடாமல் பூட்டுவது, மோட்டரையும் பம்ப்பையும் டயல் கேஜ் வைத்து நேராக்குவது இரண்டையும் ஒவ்வொருவரும் செய்து முடித்தால்தான் அடுத்த பாடம். புதுச் சீல் மாற்றிய பம்ப் சில நாளில் மறுபடி ஒழுகுவதற்குப் பெரும்பாலும் காரணம் இந்த நேர்ப்படுத்தலைத் தவிர்ப்பதுதான். ஜெனரேட்டர் எஞ்சின் பாடம் சுமார். வால்வுகளின் டெப்பட் இடைவெளி வைத்துக் காட்டுவதோடு முடிகிறது.

இனிக் குறைகள். எஞ்சினின் அடிப்பெட்டியான கிரேங்க்கேஸில் நேரும் வெடிப்பு, ஆளைக் கொல்லும் விடயம், ஒரேயொரு படத்தோடு கடந்து போகிறது. எங்கோ ஒரு பெயரிங் கொதித்து எண்ணெய் ஆவியாகிப் புகைபோல நிறையும்போது ஒயில் மிஸ்ட் அலாரம் அடிக்கும். கப்பலைச் செலுத்தும் பாலத்துக்கு (பிரிட்ஜ்) சொல்லி வேகத்தைக் குறைத்து எஞ்சினை நிறுத்த வேண்டும், வெடிப்பின் அழுத்தத்தை வெளிவிடும் வெடிப்புக் கதவுகளின் பக்கத்திலிருந்து விலக வேண்டும், கைநூல் சொல்லும் நேரம், குறைந்தது 20 அல்லது 30 நிமிடம், ஆறவிட வேண்டும். என்ன நடந்தது என்று பார்க்க உடனே கிரேங்க்கேஸ் கதவைத் திறந்தால் வெளிக்காற்று உள்ளே புகுந்து, சூடான இடத்தில் பற்றிக்கொள்ளும். படகில் எஞ்சின் சூடேறினால் உடனே மூடி திறந்து பார்த்துப் பழகிய கைகள்தான் இந்த வகுப்பில் நிறைய. அந்தப் பழக்கத்தை உடைக்க ஒரு முழு நாள் ஒத்திகை வேண்டும்.

மின்சாரம் முற்றாகப் போகும்போது என்ன செய்வது என்பதும் பாடத்தில் இல்லை. கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான சோலாஸ் உடன்படிக்கையின் விதிப்படி அவசர ஜெனரேட்டர் 45 வினாடிக்குள் தானாக எழுந்து மின் கொடுக்க வேண்டும். அது எழாத நாளில் பற்றரியையும் எரிபொருள் வால்வையும் பார்க்கத் தெரிந்தவர்தான் எஞ்சினியர்.

எழுத்து வேலையைத் தொடவே இல்லை என்பது இதைவிடப் பெரிய குறை. இந்தத் தொழிலின் ஒரு பெரிய பங்கு பேனாவோடுதான். எண்ணெய் வேலைகளைப் பதியும் ஒயில் ரெக்கோர்ட் புத்தகத்தில் கழிவெண்ணெய்த் தாங்கியின் அளவை வாராவாரம் எழுத வேண்டும். ஒவ்வொரு வேலைக்கும் பொறுப்பான அதிகாரியும், ஒவ்வொரு பக்கத்துக்கும் கப்டனும் கையொப்பமிட வேண்டும். கடைசிப் பதிவிலிருந்து 3 வருடம் புத்தகம் கப்பலில் இருக்க வேண்டும். எஞ்சின் அறையின் அடியில் சேர்ந்து கடலில் விடும் பில்ஜ் தண்ணீரில் எண்ணெய் 15 பிபிஎம்மை (பத்து இலட்சத்தில் 15 பங்கை) தாண்டக்கூடாது. வடிகட்டியைச் சுற்றிக் கள்ளக் குழாய் போட்டுப் புத்தகத்தில் பொய் எழுதிய எஞ்சினியர்கள் வெளிநாட்டுச் சிறைக்குப் போயிருக்கிறார்கள். ஓய்வு நேரப் பதிவும் அப்படித்தான்: 24 மணித்தியாலத்தில் 10, ஏழு நாளில் 77 மணித்தியாலம் ஓய்வு கட்டாயம். அது தன் உரிமை என்று தெரியாமலே பிள்ளைகள் கப்பல் ஏறுகிறார்கள்.

முடிவில் தரும் சான்றிதழைப் பற்றி விளம்பரம் மயக்கமாக எழுதியிருக்கிறது. அதை வைத்துக் கப்பல் ஏற முடியாது. கடலோடிகளின் பயிற்சிக்கும் சான்றிதழுக்குமான எஸ்டிசிடபிள்யூ உடன்படிக்கை கேட்கும் அடிப்படைப் பாதுகாப்புப் பயிற்சிகள் நான்கு: கடலில் உயிர் தப்புதல், தீயணைப்பு, முதலுதவி, தனிநபர் பாதுகாப்பும் சமூகப் பொறுப்பும். இவற்றை வணிகக் கப்பற்றுறைப் பணிப்பாளர் நாயகத்தின் அங்கீகாரம் உள்ள நிறுவனத்தில்தான் செய்ய வேண்டும். கடலோடிப் புத்தகமான சிடிசியும் கொழும்பிலிருந்தே வர வேண்டும். இந்த வகுப்புக்கு அந்த அங்கீகாரம் இல்லை.

இரண்டு வகை மாணவருக்கும் ஒரே பாதையைச் சொல்வதும் சரியில்லை. கடெட்டாகப் போகிறவர் அங்கீகரித்த பாடத்திட்டத்தில் வேர்க்ஷொப்பும் கடல் சேவையுமாகக் குறைந்தது 12 மாதம் முடித்து, அதில் 6 மாதம் எஞ்சின் அறைக் காவல் (முறைவைத்து எஞ்சினைக் கவனிக்கும் வேலை) செய்து, பரீட்சை எழுதி நான்காம் எஞ்சினியராகலாம். எஞ்சின் அறையின் கீழ்நிலை ஊழியரான வைப்பராகத் தொடங்கி வேறு வழியால் வருகிறவருக்கு அதே சான்றிதழுக்கு 36 மாதம், அதில் 30 மாதம் கடலில். ஒரு பிள்ளையின் வாழ்க்கைக் கணக்கே மாறும் வித்தியாசம் இது. முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும்.

கடைசித் தவணையோடு "ஏஜென்சிக்கு அறிமுகம்" என்று ஒரு தொகை கேட்கிறார்கள். கொடுக்காதீர்கள். கடலோடிகளின் தொழில் உரிமைக்கான எம்எல்சி 2006 உடன்படிக்கைப்படி வேலை தேடித் தருவதற்குக் கடலோடியிடம் காசு வாங்கக்கூடாது. மருத்துவச் சான்றிதழ், கடலோடிப் புத்தகம், கடவுச்சீட்டு இவற்றின் செலவு மட்டுமே அவருடையது.

படகு எஞ்சின் வேலையில் இருப்பவருக்கும், கடெட் நேர்முகத்துக்குக் காத்திருப்பவருக்கும் இந்த வேர்க்ஷொப் பயன்படும். கையில் சாவி பிடித்திராத, நேராகக் கொழும்பில் அங்கீகரித்த பாடநெறிக்குப் போக வசதியுள்ள பிள்ளை இந்த ஆறு மாதத்தையும் காசையும் அங்கே போடலாம். யாராக இருந்தாலும் முதல் தவணை கட்டுமுன் கண் வைத்தியரிடம் நிறப் பார்வையைச் சோதித்துக்கொள்ளுங்கள். எஞ்சின் பகுதிக்கும் அது பார்க்கப்படும். பிறகு ஒரு சனிக்கிழமை மத்தியானம் போய் வேர்க்ஷொப்பைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். பியூரிபயருக்குப் புது ஓ-ரிங் செட் அலுமாரியில் இருக்கிறதா என்று கேளுங்கள். பழைய ஓ-ரிங்கையே திரும்பத் திரும்பப் பூட்டினால் இயந்திரம் ஓடும்போது சீல் பிடிக்கிறதா என்று எந்த மாணவர் பிரிவும் பார்க்க முடியாது.