நிசேகோ பனிச்சறுக்குப் பயணம் என்று 23,400 ரிங்கிட் போய்விட்டது, பினாங்கு, கோலாலம்பூர் (கேஎல்) மக்கள் தயவுசெய்து படியுங்கள்

கை நடுங்குகிறது, இருந்தாலும் இன்றே எழுதிவிட வேண்டும். நாளைக்கு என்று விட்டால் கோபம் அடங்கி வெட்கம் வந்து எழுதாமலே போய்விடுவேன். 23,400 ரிங்கிட். ஆறு பேர், தலைக்கு 3,900. ஜப்பானில் ஹொக்கைடோவில் இருக்கிற நிசேகோவுக்குப் போய்ப் பனிச்சறுக்கு கற்றுக்கொள்ளலாம் என்று இரண்டு வருடம் சேர்த்த பணம். இந்த மாதம் 26ஆம் தேதி விமானம் ஏற வேண்டியவர்கள் நாங்கள். நேற்று மாலை போலீஸ் நிலையத்தில் உட்கார்ந்து புகார் எழுதிக்கொண்டிருந்தேன்.

நான் கோயம்புத்தூர்க்காரி. கல்யாணமாகிப் பினாங்கு வந்து இருபது வருடம் ஆகிறது, இன்னும் இந்தியப் பாஸ்போர்ட்தான், நிரந்தரவாசிக்குரிய சிவப்பு ஐசி. வீட்டுக்காரரும் பிள்ளைகள் இரண்டு பேரும் மலேசியக் குடிமக்கள். மகளுக்கு அடுத்த வருடம் எஸ்பிஎம் பள்ளித் தேர்வு. அதற்குள் ஒரு தடவை பனியைப் பார்த்துவிட வேண்டும் என்று அவளுக்கு ஆசை, சின்ன வயதிலிருந்தே கேட்கிறாள். கோவையிலிருந்து என் அண்ணனும் அண்ணியும் சேர்ந்துகொள்வதாகச் சொன்னார்கள். அண்ணன் முதலில் காஷ்மீரில் இருக்கிற குல்மார்க் போகலாம் என்றுதான் சொன்னார். அவருக்கும் எனக்கும் விசா வேண்டாம், மலேசியப் பாஸ்போர்ட் வைத்திருக்கிற மூன்று பேருக்கும் இந்திய இ-விசா எடுத்தால் போதும். அங்கே கோண்டோலா என்கிற கம்பிவட வண்டியின் இரண்டாம் கட்டம் அபர்வத் மலையில் ஏறக்குறைய 3,950 மீட்டர் வரை ஏறுகிறது, ஆனால் புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்களுக்கு அவ்வளவு மேலே வேலையே இல்லை, கீழே ஊரை ஒட்டிய சரிவே போதும், செலவும் கம்மி என்றார். நான்தான் ஜப்பான் என்று பிடிவாதம் பிடித்தேன். அண்ணன் பேச்சைக் கேட்டிருக்கலாம்.

யாரிடம் ஏமாந்தேன் என்று பெயர் போடவில்லை. புகார் விசாரணையில் இருக்கும்போது வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள். வகையை மட்டும் சொல்கிறேன், நீங்களே புரிந்துகொள்வீர்கள். சமூக ஊடகத்தில் ஓடும் ஒரு பயண ஏற்பாட்டாளர் பக்கம். இந்தியக் குடும்பங்களுக்கென்றே குளிர்காலப் பயணம், சைவச் சாப்பாடு, தமிழ் பேசும் வழிகாட்டி என்று போஸ்டர் போடுவார்கள். அலுவலகம் கேஎல் பிரிக்பீல்ட்ஸ் என்று இருக்கும். போஸ்டரின் அடியில் கேபிகே/எல்என் என்று தொடங்கும் சுற்றுலா அமைச்சின் உரிம எண்ணும் இருந்தது, அதைப் பார்த்ததும் நிம்மதியானேன்.

ஜூன் மாதம் விசாரித்தேன். பதில் சொன்ன பெண்ணுக்கு முப்பது வயதுக்குள்தான் இருக்கும். நான் விலை கேட்டேன், அவள் விலையைச் சொல்லவே இல்லை, முதலில் பனியைப் பற்றித்தான் பேசினாள். ஏழெட்டுக் குரல் செய்திகள். 'அக்கா, ஜீன்ஸ் போட்டுட்டு மட்டும் வந்துடாதீங்க, நனைஞ்சா காயாது, குளிர் எலும்புக்குள்ள போயிடும்.' ஜாக்கெட், பேன்ட், பூட்ஸ், ஹெல்மெட் எல்லாம் அங்கே வாடகைக்குக் கிடைக்கும், கையுறையும் காலுறையும் மட்டும் இங்கிருந்தே வாங்கிக்கொண்டு போங்கள் என்றாள். முதல் நாளே சரிவின் மேலே ஏற்றிவிடும் லிஃப்டுகளுக்கு மலை முழுவதுக்குமான டிக்கெட் வாங்கினால் பணம் வீண், புதியவர்களுக்குத் தரையோடு நகர்கிற பட்டை லிஃப்டே போதும் என்றாள். சைபீரியாவிலிருந்து வரும் குளிர்காற்று ஜப்பான் கடலைத் தாண்டும்போது ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து ஹொக்கைடோ மலைகளில் பனியாகக் கொட்டுகிறது, அதனால்தான் நிசேகோ பனி கோதுமை மாவு மாதிரி இருக்கும், பிள்ளைகள் விழுந்தாலும் அடி அவ்வளவாகப் படாது என்றாள். எல்லாவற்றையும் நான் தேடிப் பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தது! பனியைப் பற்றி இவ்வளவு தெரிந்தவள் பணத்தில் பொய் சொல்வாள் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அப்புறம் ஜூலையில் ஒரு நாள் இரவு வீடியோ அழைப்பில் வந்தாள். அண்ணிக்கு வெங்காயம், பூண்டு ஆகாது என்று நான் என்றைக்கோ சொன்னதை ஞாபகம் வைத்துக்கொண்டு கேட்டாள். மகளைக் கூப்பிடச் சொன்னாள். 'தங்கச்சி, இப்பவே சொல்லித் தர்றேன், பூட்ஸ் இல்லாம நின்னு பாரு' என்று, கால்களின் முன்பக்கம் நெருங்கி, பின்பக்கம் விரிந்து, பீட்சாத் துண்டு மாதிரி எப்படி நிற்பது, வேகத்தைக் குறைக்க எப்படிக் குதிகாலை வெளியே தள்ளுவது என்று காட்டிக்கொடுத்தாள். என் மகள் காலுறையை மாட்டிக்கொண்டு ஹாலில் அப்படியே நின்று பழகினாள், தம்பியும் பின்னால் நின்றான், வீட்டுக்காரர்கூட டிவியை நிறுத்திவிட்டுப் பார்த்துச் சிரித்தார். அந்தப் பெண்ணும் சிரித்தாள். அந்த இரவே 7,400 ரிங்கிட் அனுப்பினேன். நள்ளிரவு பன்னிரண்டு மணியோடு முன்பதிவுத் தள்ளுபடி முடிகிறது என்றாள், பதினொன்றே முக்காலுக்கு அனுப்பினேன். இதை நினைத்தால்தான் எனக்கு வயிறு எரிகிறது. பணம் வாங்குகிறவள் வாங்கிக்கொண்டு போகட்டும், என் பிள்ளையை எதற்காக அப்படி நிற்க வைத்தாள்?

கணக்கு எண் நிறுவனத்தின் பெயரில் இல்லை, யாரோ ஒரு ஆளின் பெயரில் இருந்தது. கேட்டேன். 'அவர் எங்க அக்கவுண்டன்ட்தான்கா, கம்பெனி கணக்குல போட்டா ஜப்பானுக்கு அனுப்ப லேட்டாகும், அதுக்குள்ள ரேட் ஏறிடும்' என்றாள். நானும் சரி என்றேன். செப்டம்பரில் மீதி 16,000 கட்டினோம், அதில் 6,000 வீட்டுக்காரரின் இபிஎஃப் சேமநிதியின் மூன்றாம் கணக்கிலிருந்து எடுத்தது. ஆக மொத்தம் 23,400.

விமானப் பதிவு என்று ஆறு எழுத்தில் ஒரு குறியீடு அனுப்பினாள். விமான நிறுவனத்தின் தளத்தில் போட்டுப் பார்த்தேன், ஆறு பேர் பெயரும் இருந்தது. இதற்கு மேல் என்ன வேண்டும் என்று விட்டுவிட்டேன். இப்போதுதான் தெரிகிறது, முகவர்கள் பணம் கட்டாமலே இருக்கையைச் சில நாள் பிடித்து வைக்கலாம், அப்போதும் பெயர் தெரியும், பணம் கட்டி டிக்கெட் எழுதாவிட்டால் அது தானாக ரத்தாகிவிடும். டிக்கெட் எழுதியிருந்தால் 13 இலக்கத்தில் இ-டிக்கெட் எண் இருந்திருக்கும். அது எங்களிடம் இல்லை, நானும் கேட்கவில்லை.

நவம்பரில் விசாவைப் பற்றிக் கேட்க ஆரம்பித்தேன். வீட்டுக்காரருக்கும் பிள்ளைகளுக்கும் ஜப்பான் போக விசா வேண்டாம், எனக்கும் அண்ணன் அண்ணிக்கும் வேண்டும். மூன்று பேருக்கும் கேஎல்லிலேயே எடுத்துத் தருகிறேன் என்று சொல்லியிருந்தாள். இங்கே வசிக்கிற எனக்குச் சரி, கோவையில் இருக்கிற அண்ணன் இந்தியாவில்தான் விண்ணப்பிக்க வேண்டும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. கேட்டால் ஜப்பானில் ஒரு வாரம் பொது விடுமுறை என்றாள். தேடிப் பார்த்தால் நவம்பர் 23 ஒரு விடுமுறைதான், அதுவும் ஒரே நாள். அடுத்த வாரம் முதலாளி ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்றாள். அதற்கு அடுத்த வாரம் விசாவை விரைவுபடுத்த இன்னும் 1,800 அனுப்பச் சொன்னாள், பாஸ்போர்ட்டையே கூரியரில் அனுப்பச் சொன்னாள். வீட்டுக்காரர் கண்டிப்பாக முடியாது என்று சொல்லிவிட்டார், அந்த ஒன்றில் தப்பித்தோம். ஆனால் ஆறு பேருடைய பாஸ்போர்ட் படமும் அவளிடம் இருக்கிறது.

எனக்குச் சந்தேகம் வந்து, அவள் சொன்ன தங்கும் விடுதிக்கு நானே எழுதினேன். ஒரே நாளில் மரியாதையாகப் பதில் வந்தது: அந்தத் தேதியில் எங்கள் யாருடைய பெயரிலும் பதிவு இல்லை. பனிச்சறுக்குப் பள்ளிக்கு எழுதினேன். ஆங்கிலத்தில் சொல்லித் தருகிற வகுப்புகள் ஆண்டிறுதி வாரத்துக்கு எப்போதோ நிறைந்துவிட்டன, உங்கள் பெயர் இல்லை. விமானக் குறியீட்டைத் திரும்பப் போட்டேன், அப்படி ஒரு பதிவே இல்லை என்று வந்தது. அன்று அலுவலகக் கழிப்பறையில் நின்று அழுதேன்.

பணத்தைத் திருப்பிக் கொடு என்றேன். 14 வேலை நாள் என்றாள், பிறகு 60 வேலை நாள் என்றாள். குரல் செய்தி நின்றுபோனது, 'நோட்டட்' என்று ஒரு வார்த்தை மட்டும் வந்தது. வேறு யாரோ ஒரு ஆண் அழைத்து, 'நீங்க போலீஸுக்குப் போனா ரீஃபண்ட் அப்படியே நின்னுடும், யோசிச்சுக்கங்க' என்றான். அடுத்த நாள் எண்ணைத் தடை செய்துவிட்டார்கள். கேஎல்லில் இருக்கும் கொழுந்தனாரைப் பிரிக்பீல்ட்ஸ் முகவரிக்கு அனுப்பினேன். மேல்மாடியில் பரதநாட்டிய வகுப்பு நடக்கிறதாம், அந்த டீச்சரம்மா இவரைப் பார்த்ததும் 'நீங்களும் பயணத்துக்குப் பணம் கட்டுனவரா?' என்று கேட்டாராம். எங்களுக்கு முன்னாலேயே சிலர் வந்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

வங்கியில் நீங்களாகத்தானே அனுப்பினீர்கள் என்றார்கள். மோசடிப் புகாருக்கான 997 எண்ணுக்கு அழைத்தேன், பணம் போய் மூன்று மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது, போலீஸ் புகார் கொடுங்கள் என்றார்கள். உரிம எண்ணைச் சுற்றுலா அமைச்சின் பட்டியலில் தேடினால் அது வேறு ஒரு நிறுவனத்துடையது. இதைப் பார்க்க எனக்கு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. ஜூன் மாதமே பார்த்திருக்க வேண்டிய ஐந்து நிமிடம்.

முதல் தடவை பனிச்சறுக்குக்குப் போகிறவர்களுக்கு முழு விவரமாக எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன், இப்போது முடியவில்லை, அவசரமானதை மட்டும் சொல்கிறேன். உரிம எண் இருந்தால் போதாது, அது யார் பெயரில் இருக்கிறது என்று அமைச்சின் தளத்தில் பாருங்கள். தனிநபர் கணக்குக்கு ஒரு காசு அனுப்பாதீர்கள், அனுப்பும் முன் அந்த எண்ணின் மேல் மோசடிப் புகார் இருக்கிறதா என்று காட்டும் போலீசின் செமாக் மியூல் தளத்தில் போடுங்கள், நான் நேற்றுத்தான் போட்டேன், ஏற்கெனவே புகார் இருக்கிறது. இ-டிக்கெட் எண் கேளுங்கள். விடுதிக்கும் பனிச்சறுக்குப் பள்ளிக்கும் நீங்களே எழுதிக் கேளுங்கள், பணம் கட்டிய வாரமே கேளுங்கள். இந்தியப் பாஸ்போர்ட் என்றால் விசாவை நீங்களே பாருங்கள். பயணக் காப்புறுதியில் பனிச்சறுக்கு சேர்ந்திருக்கிறதா என்று எழுத்தில் வாங்குங்கள், சாதாரணக் காப்புறுதி பலவற்றில் சேராது. டிசம்பர் கடைசியில் நிசேகோ, விமானமும் விடுதியும் வகுப்பும் சேர்த்துத் தலைக்கு 3,900 என்று யாராவது சொன்னால் போனை வைத்துவிடுங்கள். பணம் போய்விட்டது என்று தெரிந்தால் அந்த நிமிடமே 997. என்னை மாதிரி ரீஃபண்ட் வரும் வரும் என்று காத்திருக்காதீர்கள்.

பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 50,000 ரிங்கிட் வரைக்கும் வழக்கு போடலாம், கட்டணம் 5 ரிங்கிட்தான், வழக்கறிஞர் வேண்டாம். ஆனால் எதிராளியின் உண்மையான பெயரும் முகவரியும் வேண்டும், என்னிடம் இருப்பது நடன வகுப்பின் முகவரி. திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டுப் பினாங்கு பயனீட்டாளர் சங்கத்துக்குப் போய் என்ன செய்யலாம் என்று கேட்கப் போகிறேன். இதைப் படித்ததும் அந்தக் குரல் யாருடையது என்று உங்களுக்குத் தெரிந்தால், நீங்களும் கட்டியிருந்தால், கூச்சப்படாமல் உங்கள் ஊர் நிலையத்திலேயே புகார் கொடுத்துவிட்டு நகலோடு எனக்குத் தனியாக எழுதுங்கள். ஒரே கணக்கு எண்ணின் மேல் பத்துப் புகார் விழுந்தால் அதற்குப் பலம் வேறு.

ஆறு ஜோடிக் கையுறை அலமாரியில் இருக்கிறது, விலைச்சீட்டுகூடக் கிழிக்கவில்லை. மகளிடம் நேற்று இரவு சொல்லிவிட்டேன். அண்ணனிடம் இன்னும் சொல்லவில்லை, அவர் பங்கு மட்டும் 7,800 ரிங்கிட், இன்றைக்கு இரவு அழைக்கிறேன்.