ஃப்ரீஸ் லண்டன்: பணம் இறுகிய காலத்தில் போகலாமா?

2008 செப்டம்பர் 15, அமெரிக்க முதலீட்டு வங்கி லேமன் பிரதர்ஸ் திவாலான அதே நாளில் சோதபீஸ் ஏல நிறுவனம் பிரிட்டிஷ் கலைஞர் டேமியன் ஹர்ஸ்ட்டின் படைப்புகளை ஏலம் விடத் தொடங்கி, இரண்டு நாளில் 11 கோடி பவுண்டுக்கு மேல் அள்ளியது. அடுத்த மாதம் லண்டன் ரீஜன்ட்ஸ் பார்க்கில் ஃப்ரீஸ் கலைச் சந்தை கூடியபோது வாங்குகிறவர்கள் கையைக் கட்டிக்கொண்டார்கள். 2024-இலும் மந்தம்தான்: ஆர்ட் பேசல் கலைச் சந்தையும் யூபிஎஸ் வங்கியும் வெளியிடும் அறிக்கைப்படி உலகக் கலை விற்பனை 12 சதவீதம் சரிந்து 5,750 கோடி டாலரானது.

ஆனால் சந்தைக் கூடாரத்துக்குள் போய் விலை கேட்டால் சரிவு தெரியாது. கேலரிகள் பட்டியல் விலையைக் குறைத்தால், போன வருடம் அதே ஓவியரை வாங்கியவர் சண்டைக்கு வருவார். அதனால் எல்லாம் காதோடு காதாக நடக்கும். 10 சதவீதம் தள்ளுபடி கேட்டால் யாரும் முகம் சுளிப்பதில்லை. மந்தத்தில் இன்னும் இறங்குவார்கள், தவணைக்கும் ஒப்புவார்கள், ஃப்ரேம் செலவையும் ஏற்பார்கள். பேரத்துக்கு ஞாயிறு மாலைதான் நேரம். விற்காததைப் பெட்டி கட்டித் திருப்பி அனுப்புவது அவர்கள் தலையில் விழும். நல்லவற்றில் பல, சந்தை திறக்குமுன்பே கேலரி அனுப்பிய பிடிஎஃப் பட்டியலைப் பார்த்தவர்களிடம் போயிருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம். ‘ரிசர்வ்’, அதாவது வேறொருவருக்காகக் கொஞ்ச காலம் எடுத்துவைத்தது, என்றால் மட்டும் நம்பிக்கை உண்டு: கெடு எப்போது முடிகிறது என்று கேட்டுப் பெயர் கொடுத்து வையுங்கள்.

சுவர்களே நிலவரம் சொல்லும். இடத்தை அடைக்கும் இன்ஸ்டலேஷன் படைப்புகள் குறைந்து, வீட்டுச் சுவருக்கு அடங்கும் சிறிய கேன்வாஸ்கள் பெருகும். சலிப்புத்தான். இளம் கேலரிகளின் ‘ஃபோகஸ்’ பகுதி விதிவிலக்கு. 2024-இல் அதை நுழைவாயிலருகே கொண்டுவந்தது நல்ல முடிவு. பூங்காவின் மறுகோடியில் நடக்கும், பழைய படைப்புகளுக்கான ஃப்ரீஸ் மாஸ்டர்ஸையும் ஒரே நாளில் பார்ப்பது கால்களுக்குத் தண்டனை. டிக்கெட்டே கனக்கிறதென்றால், பூங்காவில் இலவசமாக வைத்திருக்கும் ஃப்ரீஸ் ஸ்கல்ப்சர் சிற்பக் காட்சி போதும்.

புகைப்படம், அச்சுப்படம் வாங்குவோர் எடிஷன் எண்ணை, அதாவது மொத்தப் பிரதிகளில் இது எத்தனையாவது என்பதை, கேளுங்கள். ஐந்து பிரதியில் முதலிரண்டு மலிவு. விற்க விற்க விலை ஏற்றுவது வழக்கம். சான்றிதழில் கலைஞரின் கையெழுத்து இருக்கிறதா என்றும் பாருங்கள். சொன்ன விலையில் ஃப்ரேம், வரி, போக்குவரத்து அடங்குமா என்பதை எழுத்தில் வாங்குங்கள்: வெளிநாட்டு கேலரி தற்காலிக இறக்குமதியில் கொண்டுவந்த படைப்பு பிரிட்டனிலேயே தங்கினால் 5 சதவீத இறக்குமதி வரி தனியாக வரும்.