சாதாரணக் காற்றா, நைட்ராக்ஸ் 32-ஆ: மூளைக்கு எது தோது?

சிலிண்டருடன் நீருக்குள் இறங்கும் ஸ்கூபா பழகியவர்கள் அடுத்துக் குழம்பும் இடம் இது. காற்றில் ஆக்ஸிஜன் 21 சதவீதம். நைட்ராக்ஸ் என்பது ஆக்ஸிஜன் கூட்டிய காற்று; நைட்ராக்ஸ் 32-இல் பெயரிலேயே கணக்கு இருக்கிறது, 32 சதவீதம்.

போதை
காற்று: சுமார் 30 மீட்டரில் நைட்ரஜன் போதை தலைகாட்டும். எளிய கூட்டல்கூடத் தடுமாறும்.
நைட்ராக்ஸ்: தலை தெளிவாக இருக்கும் என்று பலர் நம்புகிறார்கள். பெரிய வித்தியாசம் இல்லை. அழுத்தத்தில் ஆக்ஸிஜனுக்கும் போதை உண்டு என்றே கருதப்படுகிறது.

வலிப்பு
காற்று: 40 மீட்டர் வரை இந்தக் கவலை இல்லை.
நைட்ராக்ஸ்: இங்கேதான் விஷயம். அழுத்தத்தில் ஆக்ஸிஜன் மிஞ்சினால் வலிப்பு வரும். அதனால் ஆக்ஸிஜனின் பகுதி அழுத்தம் (மொத்த அழுத்தத்தில் ஆக்ஸிஜனின் பங்கு) 1.4 பாரைத் தாண்டக் கூடாது என்பது வழக்கம். இந்தக் கலவைக்கு அது சுமார் 33 மீட்டர். அதற்குக் கீழே போகப் போக வலிப்பு அபாயம் ஏறும். பிரெஞ்சு உடலியல் அறிஞர் பால் பெர்ட் 1878-லேயே எழுதிவைத்த ஆபத்து. உதடு துடிப்பது, காது இரைவது என்று முன்னறிகுறி வரலாம், வராமலும் போகலாம். வலிப்பு தானாக அடங்கிவிடும். மூச்சுவிட வாயில் கவ்வியிருக்கும் ரெகுலேட்டர் நழுவினால்தான் உயிர் போகும். இரண்டாம் உலகப் போரின்போது மருத்துவர் கென்னத் டொனால்டு பிரிட்டிஷ் கடற்படையில் சோதித்ததில், ஒரே ஆளின் தாங்குதிறனே நாளுக்கு நாள் மாறியது. 'நேற்று போனேன், ஒன்றும் ஆகவில்லை' என்பதெல்லாம் செல்லாது.

நேரம்
மேலேறும்போது நைட்ரஜனை வெளியேற்ற வழியில் நின்று நின்று ஏறத் தேவையில்லாமல் கீழே எவ்வளவு நேரம் இருக்கலாம் என்பதே கணக்கு.
காற்று: 18 மீட்டரில் ஏறக்குறைய ஒரு மணிநேரம்.
நைட்ராக்ஸ்: அதே ஆழத்தில் ஒன்றரை மணிநேரம்.

செலவு
நைட்ராக்ஸுக்குத் தனிப் பயிற்சி வேண்டும். அப்புறம், ஒவ்வொரு சிலிண்டரிலும் ஆக்ஸிஜன் எவ்வளவு என்று நீங்களே அளக்க வேண்டும்.

சரி, 18 முதல் 30 மீட்டருக்குள் நாளுக்கு மூன்று முறை இறங்குபவருக்கு நைட்ராக்ஸ். 38 மீட்டரில் கிடக்கும் கப்பலைப் பார்க்கப் போகிறவருக்குக் காற்று.