கோபா முண்டியல்: இளம் ஸ்ட்ரைக்கரின் காலுக்குப் பொருந்துமா?

17, 18 வயதில் முதல் ஒப்பந்தம் கையெழுத்தானதும் பெரும்பாலான கால்பந்து ஸ்ட்ரைக்கர்கள் (கோல் அடிக்கும் முன்வரிசை ஆட்டக்காரர்கள்) தேடுவது எடை குறைந்த பூட்ஸைத்தான். அந்த நேரத்தில் அடிடாஸின் கோபா முண்டியலை எடுத்து நீட்டினால் அப்பா காலத்து பூட்ஸ் என்று தள்ளி வைத்துவிடுவார்கள். அவசரப்பட்டுத் தள்ள வேண்டாம். இயற்கைப் புல்தரையில் தினசரிப் பயிற்சிக்கு இதைத் தயங்காமல் பரிந்துரைக்கலாம். ஆட்டத்துக்கும் இதையே போடலாமா என்பது இரண்டு விஷயங்களைப் பொறுத்தது: எந்த மாதிரி ஸ்ட்ரைக்கர், எந்த மாதிரித் தரை.

1982 ஸ்பெயின் உலகக் கோப்பையை மனதில் வைத்து 1979-இல் வந்த பூட்ஸ் இது. பெயரே ஸ்பானிய மொழியில் உலகக் கோப்பை என்றுதான் பொருள்படும். கறுப்புத் தோல், மூன்று வெள்ளைக் கோடுகள், லேஸ் முடிச்சின் மேல் மடிந்து விழும் நீள நாக்கு, பாலியூரித்தேன் அடிப்பாகத்தில் வார்த்த 12 உருண்டை ஸ்டட்கள், அதாவது தரையைப் பிடிக்கும் முளைகள் (முன்பக்கம் 8, குதிகாலில் 4). இத்தனை வருடங்களில் இந்த அமைப்பு பெரிதாக மாறவில்லை.

இதன் பெயரைக் காப்பாற்றுவது பாரம்பரியமாகக் கங்காரு தோலில் செய்த மேல்தோல். கங்காரு தோலில் நார்கள் மேற்பரப்புக்கு இணையாக, ஒரே சீராக ஓடுகின்றன. அதனால் மெல்லியதாகச் சீவினாலும் மாட்டுத் தோலைப் போலச் சட்டென்று வலுவிழக்காது. மெலிவு, மென்மை, வலு மூன்றும் ஒரே தோலில் கிடைப்பதன் ரகசியம் இதுதான். எதிரணியின் சென்டர் பேக் (நடுத் தற்காப்பு ஆட்டக்காரர்) முதுகில் சாய்ந்து நெருக்கிக்கொண்டிருக்க, தரையோடு இறுகி வரும் பாஸைக் காலில் வாங்கி நிறுத்த வேண்டிய ஸ்ட்ரைக்கருக்கு இந்தத் தோலின் அருமை உடனே தெரியும். பந்தின் வேகத்தைத் தோல் கொஞ்சம் உள்வாங்கிக்கொள்கிறது. இறுகலான, மெல்லிய செயற்கை மேல்பாகத்தில் பட்டு அரை மீட்டர் தெறித்துப் போகக்கூடிய பந்து இதில் காலடியிலேயே நிற்கும். கோலுக்கு முன்னால் உள்ள பெனால்டி பெட்டிக்குள் அந்த அரை மீட்டர்தான் ஷாட்டா, பந்தைப் பறிகொடுப்பதா என்பதைத் தீர்மானிக்கிறது. விரல் பகுதியின் மேல் குறுக்கே ஓடும் தையல் கோடுகளையும் அலங்காரம் என்று நினைத்துவிட வேண்டாம். தோல் கண்டபடி இளகிப் பரவாமல் அவைதான் பிடித்து வைக்கின்றன.

வாங்கும்போது ஒன்றைக் கட்டாயம் பாருங்கள். கங்காரு தோல் வாங்குவதை நிறுத்திவிட்டதாக அடிடாஸ் 2025-இல் அறிவித்தது. நைக்கியும் பூமாவும் 2023-லேயே விலகிவிட்டன. எனவே ஒரே பெயரில் வெவ்வேறு தோல்கள் கடைக்கு வரக்கூடும். பெட்டியிலும் நாக்கின் உள்பக்கத்திலும் உள்ள குறிப்பைப் படித்துப் பார்த்து வாங்குங்கள். மேலே சொன்ன தொடு உணர்வு கங்காரு தோலுக்கு உரியது. மாட்டுத் தோல் என்றால் சற்றுத் தடிமனாக இருக்கும், காலுக்குப் பழகக் கூடுதல் நாள் எடுக்கும். பதிலுக்கு, அவ்வளவு சீக்கிரம் தளராது.

அடுத்தது எடை. ஒரு பூட்ஸ் 300 கிராமைத் தாண்டும். இன்றைய வேக ரக பூட்ஸ்கள் 200 கிராம் அளவில் இருக்கின்றன. ஒவ்வொரு காலிலும் 100 கிராம் கூடினால் ஓடச் செலவாகும் ஆற்றல் ஏறத்தாழ 1 சதவீதம் கூடும் என்பது ஓட்ட ஆய்வுகளில் திரும்பத் திரும்பக் கண்ட விஷயம். காகிதத்தில் சின்ன எண்தான். ஆனால் தற்காப்பு வரிசையின் முதுகுக்குப் பின்னால் ஓடியே பிழைக்கும் ஸ்ட்ரைக்கர், 80-ஆவது நிமிடத்தில் இன்னொரு பாய்ச்சலுக்குக் காலைத் தூக்கும்போது அதை உணர்வார். அந்த ரக ஆட்டக்காரருக்கு ஆட்ட நாளில் இதைப் பரிந்துரைக்க முடியாது. ஷாட்டைப் பொறுத்தவரை கவலை வேண்டாம். கனமான பூட்ஸில் கால் வீச்சு சற்று மெதுவாகும், ஆனால் பந்தை மோதும் நிறை கூடும். ஒன்றை ஒன்று ஈடுகட்டுவதால் பந்தின் வேகத்தில் சொல்லும்படியான வித்தியாசம் வராது.

எடைக்கு மாற்றாகக் கிடைப்பது பாதத்துக்கு இடம். தோல் அகலவாக்கில் இளகி விரல்களின் அடிமூட்டைச் சுற்றிப் படிந்துகொள்ளும். குறுகலான பூட்ஸில் சுண்டு விரல் பக்கம் நாள் முழுக்க அழுந்துவது ஐந்தாவது மெட்டாடார்சல் எலும்புக்கு (சுண்டு விரலுக்குப் பின்னால் உள்ள நீளமான பாத எலும்பு) நல்லதல்ல. அகாடமியிலிருந்து சீனியர் அணிக்கு ஏறும் வருடத்தில் பயிற்சிச் சுமை திடீரென்று கூடும்போது இது இன்னும் முக்கியம். எலும்பு முறிவுக்கு மிதி, மோதல், சுமை என்று பல காரணங்கள் உண்டு. பூட்ஸ் எல்லாவற்றையும் தடுத்துவிடாது. இருந்தாலும் அந்த வயதில் காயம் எவ்வளவு காலத்தைத் தின்னும் என்பதை இங்கிலாந்து ஸ்ட்ரைக்கர் ஹாரி கேனின் தொடக்க வருடங்களில் பார்க்கலாம். லேட்டன் ஓரியன்ட், மில்வால் என்று வேறு கிளப்புகளுக்கு லோனில் (தற்காலிகமாக) போய் ஆடித் தேறிய அவர், 2012-இல் 19 வயதில் நார்விச் சிட்டிக்குப் போனார். போன சில வாரங்களில் மெட்டாடார்சல் முறிந்து மாதக்கணக்கில் வெளியே உட்கார நேர்ந்தது. அந்த லோனில் அவர் ஆடியது சொற்ப ஆட்டங்களே. வளரும் ஸ்ட்ரைக்கருக்கு ஆட்ட நிமிடங்கள்தான் முதலீடு. காலில் போடுவதைத் தேர்ந்தெடுக்கும்போதும் அந்த நிமிடங்களைக் காப்பதுதான் முதல் கணக்காக இருக்க வேண்டும்.

தரை விஷயத்தில்தான் பலர் தவறு செய்கிறார்கள். முண்டியல் என்பது ஓரளவு இறுகிய, இயற்கைப் புல்தரைக்கான பூட்ஸ். அதில் உருண்டை ஸ்டட்கள் அழகாக வேலை செய்யும்: ஊன்றிய காலில் உடம்பைத் திருப்பினால் ஸ்டட்டும் மண்ணுக்குள் சுழன்று விடுபடும். பிளேடு வடிவ ஸ்டட் நேர் ஓட்டத்தில் நல்ல பிடி தரும், ஆனால் சுழலும்போது விட மறுக்கும். அப்போது திருகல் முழுவதும் முழங்காலுக்குப் போகும். கோலுக்கு முதுகு காட்டி நின்று சட்டென்று திரும்பும் ஸ்ட்ரைக்கருக்கு உருண்டை ஸ்டட் பெரிய ஆறுதல்.

மழையில் ஊறிய சேற்றுத் தரையில் கதை வேறு. இந்த 12 ஸ்டட்கள் போதாது. இடையிடையே மண் அடைத்துக்கொண்டால் அடிப்பாகம் தட்டையான பலகைபோல் ஆகிவிடும். ஷாட் அடிக்க ஊன்றும் கால் வழுக்கினால் பந்து வானத்தில்தான் போகும். அங்கே இதே குடும்பத்தின் வேர்ல்ட் கப் மாடல் வேண்டும்: திருகிப் பொருத்தும் 6 ஸ்டட்கள். ஒவ்வொரு முறையும் ஆடுமுன் சாவியால் இறுக்கிப் பாருங்கள். உலோக ஸ்டட்டின் விளிம்பு கூராகத் தேய்ந்திருந்தால் மாற்றிவிடுங்கள். ஆபத்தான எதையும் அணியக் கூடாது என்று ஆட்ட விதி 4 சொல்கிறது, சரிசெய்து வரச் சொல்லி நடுவர் வெளியே அனுப்பலாம்.

வெயிலில் காய்ந்து கட்டாந்தரையான மைதானத்தில் ஸ்டட் உள்ளே இறங்காது. உடல் எடை முழுவதும் 12 புள்ளிகள் வழியே பாதத்தில் குத்தும். அங்கும், குட்டையான பழைய ரகச் செயற்கைத் தரையிலும், சிறு ரப்பர் முளைகள் நிறைந்த முண்டியல் டீம் மாடல் போதும். நீள இழையும் ரப்பர் துகளும் உள்ள புதிய செயற்கைத் தரைக்கு ஏஜி (செயற்கைப் புல்தரைக்கான) அடிப்பாகம் கொண்ட வேறு பூட்ஸ் எடுப்பதே சரி. அதில் ஸ்டட்கள் எண்ணிக்கையில் அதிகம், உயரத்தில் குறைவு. உங்கள் கிளப் வாரம் முழுக்கச் செயற்கைத் தரையில் பயிற்சி எடுக்கிறது என்றால் முண்டியலை வாங்கவே வேண்டாம். அந்தத் தரையின் சூடும் உராய்வும் விரல் முனையில் சோலைப் பிரித்துவிடும்.

அளவு: ஆட்டத்துக்குப் போடும் அதே காலுறையோடு, பாதம் சற்று வீங்கியிருக்கும் மாலையில் போட்டுப் பாருங்கள். நின்ற நிலையில் நீளமான விரலுக்கு முன் 3 முதல் 5 மில்லிமீட்டர் இருந்தால் போதும். தோல் அகலத்தில் இளகும், நீளத்தில் இளகாது. ஒல்லிப் பாதம் என்றால் வழக்கமான அளவில் அரை எண் குறைத்தும் போட்டுப் பாருங்கள். பாதம் இன்னும் வளர்கிறதே என்று ஒரு எண் பெரியதாக வாங்கினால், தோல் இளகியதும் கால் உள்ளே நீந்தும். குதிகால் உரசிக் கொப்புளம் வரும், திரும்பும்போது பாதம் சோலை விட்டு வெளியே வழுக்கும்.

பழக்குவதற்கு அவசரம் கூடாது. முதல் நாள் 15 முதல் 20 நிமிடம் பந்தைத் தட்டிப் பழகுவதோடு நிறுத்துங்கள். மறுநாள் அரை மணி நேரம் பாஸும் மெது ஓட்டமும், பிறகு பாதிப் பயிற்சி, அதன் பிறகு முழுப் பயிற்சி. ஆட்டத்துக்கு முன் குறைந்தது நான்கு முறையாவது காலில் ஏறியிருக்க வேண்டும். ஈரக் காலுறையோடு போட்டு நடப்பது தோலைச் சீக்கிரம் படிய வைக்கும். வெந்நீரில் முக்கும் பழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள், பசை இளகும். தேர்வுச் சோதனைக்கோ அறிமுக ஆட்டத்துக்கோ பெட்டியிலிருந்து எடுத்த புது ஜோடியைப் போடுவது எந்த பூட்ஸானாலும் தவறு.

குறை என்று முதலில் சொல்ல வேண்டியது நாக்கு. முடிச்சின் மேல் மடிந்து கிடக்கும்போது ஷாட்டுக்கு வழவழப்பான பரப்பைத் தரும். ஆனால் ஓடும்போது தூக்கிக்கொள்ளும், பக்கவாட்டில் நகரும். மெல்லிய எலாஸ்டிக் வளையம் ஒன்றைப் போட்டு அழுத்தி வைத்தால் தீரும். சிலர் கத்தரித்துவிடுகிறார்கள். கத்தரிப்பதென்றால் மேல் ஓட்டைக்கு மேலே ஒரு சென்டிமீட்டராவது விட்டு வெட்டுங்கள், இல்லாவிட்டால் லேஸ் நேராகப் பாதத்தில் அறுக்கும். கணுக்காலைப் பிடிக்கும் பின்னல் கழுத்துப்பட்டை இதில் இல்லை. தோல் இளகிய பிறகு இறுக்கம் முழுவதும் லேஸின் பொறுப்பு. அரை மணிக்கு ஒருமுறை லேஸைக் கீழிருந்து மேலாக இறுக்குவதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

தண்ணீர் இன்னொரு பிரச்சினை. தோல் ஈரத்தைக் குடித்துக் கனக்கும், கூடவே இளகும். ஆடி முடித்ததும் சேற்றைப் பிரஷால் தேயுங்கள். இரண்டு பூட்ஸையும் ஒன்றோடொன்று அடித்து உதறினால் சோலின் ஒட்டு விட்டுப்போகும். உள்ளே செய்தித்தாள் திணித்து, நிழலில், காற்றோட்டத்தில் ஒரு நாள் முழுக்க உலர விடுங்கள். வெயிலும் ஹீட்டரும் தோலை விறைக்க வைத்து மடிப்பில் வெடிக்கச் செய்யும். உலர்ந்த பின் தோல் கிரீமை மெல்லிசாகப் பூசினால் போதும். அள்ளிப் பூசினால் தோல் தளர்ந்துபோகும். லேஸை அவிழ்க்காமல் குதிகாலை மிதித்துக் கழற்றுவது பின்பக்கக் கூட்டை நசுக்கிவிடும். சிமென்ட் தரையில் நடந்தால் ஸ்டட் ஒரு பக்கமாகத் தேயும்.

உலர ஒரு நாள் வேண்டும் என்பதால் தினமும் பயிற்சி உள்ளவருக்கு இரண்டு ஜோடி இல்லாமல் முடியாது. இரண்டும் முண்டியலாக இருக்க வேண்டியதில்லை. ஆட்டத்துக்கு எடை குறைந்ததை வைத்திருப்பவர் வாரத்தில் இரண்டு பயிற்சியையாவது அதில் செய்தால்தான் கால் குழம்பாது. அகலப் பாதம், முதுகு காட்டி ஆடும் பாணி, புல்தரை மூன்றும் அமைந்தவர் பயிற்சிக்கும் ஆட்டத்துக்கும் இதையே போடலாம்.

தள்ளுபடியில் கிடைக்கும் பழைய ஸ்டாக்கில் கவனம் தேவை. பாலியூரித்தேன் காற்றின் ஈரத்தால் வருடங்கள் போகப் போகத் தானாகச் சிதையும், ஒருமுறைகூடப் போடாத பூட்ஸிலும் இது நடக்கும். சோலைக் கட்டை விரலால் அழுத்துங்கள், முன்பகுதியை மெதுவாக வளைத்துப் பாருங்கள். பிசுபிசுப்போ பொடி உதிர்வோ மயிரிழை விரிசலோ தெரிந்தால் அந்த ஜோடியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.