கட்டுவிரியனா, வெள்ளிக்கோல் வரையனா?

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம் மழை தொடங்கினால் இதே கேள்விதான்: கொல்லையில் கோடு போட்ட பாம்பு, விஷமா இல்லையா? கட்டுவிரியனுக்குக் கொடிய விஷம் உண்டு; பார்க்க அதைப் போலவே இருக்கும் வெள்ளிக்கோல் வரையனுக்கு இல்லை.

கோடு: கட்டுவிரியனுக்குக் கழுத்தருகே பெரும்பாலும் இருக்காது, வால் பக்கம் போகப் போகத் தெளிவாகும், மெல்லிய இரட்டைக் கோடுகளாக. வரையனுக்கு நேர்மாறு. கழுத்திலேயே பட்டையாகத் தொடங்கி வாலருகே மங்கிவிடும். நான் முதலில் பார்ப்பது இதைத்தான். ஆனால் குட்டி விரியனுக்கு முன்பக்கமும் கோடு இருக்கும், கவனம்.

நிறம்: விரியன் பளபளக்கும் கருப்பு, வரையன் பழுப்பு.

இடம்: சுவரேறிப் பல்லி தேடுவது வரையன். விரியன் தரையோடு, செங்கல் குவியல், எலி வளை.

விஷம்: வரையனால் ஆபத்தில்லை. விரியன் கடி வலிக்காமலும் போகலாம், தடமும் தெரியாமல் போகலாம். தரையில் பாய் விரித்துத் தூங்குபவர்களை நினைத்தால்தான் எனக்குப் பயம். இரவில் படுத்தவருக்குக் காரணமில்லாத வயிற்றுவலி, இமை சொருகல் என்றால் காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள்.

பகலில், தள்ளி நின்று, கழுத்தும் வாலும் தெளிவாகத் தெரிந்து வரையன்தான் என்றால் அதன் வழியில் விட்டுவிடலாம். இருட்டில் பாதி உடல்தான் தெரிகிறதா? சரி, விரியனென்றே வைத்துக்கொள்ளுங்கள். அடிக்கப் போகாமல், கேரள வனத்துறையின் சர்ப்பா செயலியில் பயிற்சி பெற்ற மீட்பாளரைக் கூப்பிடுங்கள்.